எது வரைக்கும் என்று டாக்டர் கேட்டார்

கத்தாருக்கு வேலைக்குப் போவதற்காகக் கொழும்பில் மெடிக்கல் எடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், நான் விரும்பிப் பழகிக்கொண்டிருந்தவர் எனக்குப் போன் பண்ணினார். ரத்தத்தில் ஏதோ சரியில்லையாம், திரும்ப வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன சரியில்லை என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை என்றார். பிறகு, "நீயும் எதுக்கும் ஒருவாட்டி பாத்துக்க புள்ள" என்றார்.

எதற்கும் என்றால் எதற்கு என்று எனக்கு உடனே புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் புரிந்தது. அவரிடமிருந்து எனக்கும் ஒட்டியிருக்கக்கூடிய ஏதோ ஒன்றுக்கு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தூங்க வைத்து, மாலை வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இரண்டு வருஷப் பழக்கம். என் வீட்டுக்குத் தெரியாது. போன் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஹட்டனில் அவருடைய கூட்டாளியின் வாடகை அறையில் ஒரு மத்தியானம் இருந்தோம். முத்தமிட்டுக்கொண்டோம். கை போகக் கூடாது என்று நான் நினைத்திருந்த இடங்களுக்கெல்லாம் இருவர் கையும் போனது. அதற்கு மேல் வேண்டாம் என்றேன். அவரும் விட்டுவிட்டார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அதுவே குழப்பமாகிவிட்டது. போனில் தேடிப் பார்த்தேன். ஒரு இடத்தில் முத்தத்தால் எதுவும் வராது என்று இருந்தது. இன்னொரு இடத்தில் வாயில் புண் இருந்தால் வரலாம் என்று இருந்தது. அன்றைக்கு என் வாயில் புண் இருந்ததா? பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருமே, அது புண்ணில் சேர்த்தியா? தொண்டை வலித்தது. அந்த மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும்தான் தொண்டை வலித்தது. ஆனால் என் வலி மட்டும் வேறு மாதிரி என்று தோன்றியது. குழந்தைகளை முத்தமிடுவதை நிறுத்தினேன். பால் சூடு பார்க்க உதட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டேன். வீட்டில் ஒரு கப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்த என் அம்மா அந்தக் கப்பில் தேத்தண்ணி ஊற்றி வாயருகே கொண்டுபோனார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பாதித் தேத்தண்ணி அவர் கையில் கொட்டியது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னாடி, என் எச்சி ஒனக்கு அருவருப்பா போச்சா?"

இல்லை என்று சொன்னேன். அம்மா அன்றைக்குத் தேத்தண்ணியே குடிக்கவில்லை. மறுநாள் டவுனில் ஒரு வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரிதான் கிட்ட. ஆனால் எந்த நாள் போனாலும் அங்கே எங்கள் லயத்து ஆள் ஒருத்தராவது வரிசையில் நிற்பார். அதனால் நுவரெலியாவுக்குப் போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி நோய்களுக்கென்று இருக்கும் கிளினிக்கில் முதலில் விவரம் எழுதிய நர்ஸ் தமிழ் ஆள். தலை நிமிராமல், "உறவு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இல்லை என்றால் எதற்கு வந்தாய் என்று கேட்பார். ஆமாம் என்றால் அது நடக்காத ஒன்று. நான் அழ ஆரம்பித்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் சிங்களப் பெண்மணி. அம்மா வயதிருக்கும். என்னைத் தங்கச்சி என்பது போல நங்கி என்று கூப்பிட்டு, எது வரைக்கும் நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே சொன்னேன். ஆச்சரியமாக, எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. அந்தச் சிங்கள வார்த்தைகளைச் சொல்லி என்னை யாரும் அதுவரை ஏசியதில்லை, அதனால் இருக்கலாம். அவர் முகம் சுளிக்காமல் கேட்டார். என்னோடு இருந்தவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று விசாரித்தார். தெரியாது என்றேன்.

"அப்படியென்றால் பேர்கூடத் தெரியாத வருத்தத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

நான் சொன்ன அளவில் எச்ஐவி வராது, மற்றவை வரும் வாய்ப்பும் மிகக் குறைவு என்று நிதானமாக விளக்கினார். கப்பில் குடிப்பதாலோ குழந்தையைத் தூக்குவதாலோ யாருக்கும் எதுவும் ஆகாது என்றார். என் நிம்மதிக்காக ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கலாம், அதோடு விட்டுவிட வேண்டும் என்றார்.

முடிவை வாங்க இன்னொரு நாள் போனேன். ஒன்றும் இல்லை. சந்தோஷம் வரும் என்று பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவருக்குப் போன் பண்ணினேன். தன்னுடைய இரண்டாவது ரத்தம் சரியாக இருந்ததாம், இரண்டு நாளைக்கு முன்பே தெரியுமாம். முதலில் என்ன கோளாறு என்று கேட்டேன். தான் கேட்டும் அவர்கள் சொல்லவில்லை என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு நாள் என்னை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சிக்கிட்டு ஒங்கிட்ட சொல்லாம இருந்திருந்தா, அது சரியா?"

சரியில்லைதான். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு முன்னால் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அவர் கத்தார் போய் எட்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். லீவில் வந்ததும் வீட்டில் பேசலாமா என்று போன வாரம் கேட்டார். சரி என்றேன். எனக்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்ற அந்தக் கேள்வியை மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வந்தால் எனக்கு நிம்மதி என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.