கணக்கில் வராத மூன்று நாட்கள்

எழுபதுகளின் தொடக்கம். எளாவூரில் என் மாமனார் வீட்டில் இருந்தோம். கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை.

பாசஞ்சர் ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். சினைமுட்டை வளர, ஹார்மோனைத் தூண்டும் மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கின் ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும். பன்னிரண்டாம் நாள் முதல் ஒரு வாரம் இருவரும் சேர்ந்திருக்க வேண்டும். கணவர் அந்த வாரம் மட்டும் நைட் ஷிஃப்டை மாற்றிக்கொள்வார். "இன்னாடா, மாசாமாசம் உனக்கு மட்டும் திருவிழாவா?" என்று பட்டறையில் கேலி செய்வார்களாம்.

நான்கு மாதம் போயும் பலனில்லை. வயிற்றைத் திறந்து சினைப்பையைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். பிரசவ ஆபரேஷனுக்குப் போன என் அக்கா உயிரோடு திரும்பவில்லை.

ஆபரேஷன் அன்று காலை. வெறும் வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கடைசி விலக்குத் தேதியைக் கேட்டார். பதினாலு என்றேன். படுக்கை விரித்துக்கொண்டிருந்த ஆயா திரும்பினார்.

"ஏம்மா, அது தூரமா ஒக்காந்த தேதியா, தலைக்கு ஊத்திக்கின தேதியா?"

"குளிச்ச தேதிதான்."

"மாத்திரைய எப்ப முழுங்கின?"

"அதுலேர்ந்து அஞ்சாம் நாள்."

"அய்யய்ய! நடுவுல மூணு நாள முழுங்கிட்டியே! இன்னா வேல பாக்குற நீ?"

"கணக்கு டீச்சர்."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் பின்கட்டில் ஒதுங்கியிருப்பேன். நாலாம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வந்த பிறகுதான் காலண்டரில் வட்டம் போடுவேன். அதுதான் எனக்கு முதல் நாள். டாக்டருக்கோ உதிரம் கண்ட நாளே முதல் நாள். மாத்திரையும் பிந்தியது, நாங்கள் சேர்ந்திருந்த நாட்களும் பிந்தின. அதுவரை டாக்டரிடம் ஒரு தடவைகூடத் தேதியை நானாகச் சொன்னதில்லை. கூச்சம். சீட்டில் எழுதித் தருவேன், கணவர் படிப்பார்.

டாக்டர் வந்து கேட்டுவிட்டு, "நானும் கேட்டிருக்கணும். ஆபரேஷன் வேண்டாம், சரியா எண்ணி மூணு மாசம் பார்ப்போம்" என்றார். சேதி சொன்னதும் கணவர் வராந்தாப் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு எதிரே நாஷ்டா சாப்பிட்டோம். நான் மட்டும் எட்டு இட்லி.

இரண்டாவது மாதமே கரு தங்கியது. அது கலையாமல் இருக்க வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போட்டார்கள். எண்ணெய் மருந்து, இடுப்பில் கல் மாதிரி கட்டி நிற்கும். பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

அவள் பெரியவளானபோது, எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து அறையில் அவள் அப்பா இருந்தார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.