பந்தியில் நிறைவேறிய தீர்மானம்

பணி ஓய்வு பெற்றவனிடம் ஊர் கேட்பது பெரும்பாலும் இரண்டே உதவிகள். ஒன்று, மனு எழுதித் தரச் சொல்லும். மற்றது, ஆதார் அட்டையில் தப்பாகிப்போன பிறந்த தேதியைத் திருத்த வழி கேட்கும். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை மட்டும் மூன்றாவதாக ஒன்று கேட்டார். பள்ளியின் மாதச் செய்தியை ஒரு பக்கத்துக்கு எழுதித் தர முடியுமா என்றார். சென்ற மாதம் நடந்தது மேல் பாதியில், அடுத்த மாதம் நடக்கவிருப்பது கீழ்ப் பாதியில். அதை நகலெடுத்து வாசல் கதவில் ஒட்டுவார்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார்கள். கூடவே என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கல்வியாளர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்வித் துறை அலுவலகத்தில் முப்பத்தேழு வருடம் இருந்தேன். கல்வியோடு எனக்கு இருந்த தொடர்பு கோப்பு வழியாக மட்டும்தான். கண்காணிப்பாளராக இருந்த கடைசி ஒன்பது வருடமும் என் முக்கிய வேலை, வந்த கோப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் இருந்தது.

அதனால் என் செய்தித் தாள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். முதல் மாதம் பொருள், பார்வை எல்லாம் போட்டு, "இதனால் பெற்றோர் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினேன். கண் பரிசோதனை முகாம், நூலக நாள், விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்திருந்தேன். மறுநாள் பிள்ளையை விட வந்த ஒரு தாய் கதவின் முன் நின்று வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "ஏக்கா, பள்ளிக்கூடத்த ஜப்தி பண்ணப் போறாகளா?"

அந்தப் பள்ளி உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தார்ச்சாலையில் இருக்கிறது. இரண்டு வகுப்பறை, ஒரு சமையற்கூடம், இரண்டு வேப்பமரம். பிள்ளைகளின் தகப்பன்மார் பாதிப் பேர் கப்பலூர்த் தொழிற்சாலைகளுக்கு வேனில் போகிறவர்கள், மீதிப் பேர் மழையை நம்பி விதைக்கிறவர்கள். தலைமை ஆசிரியை மதுரைக்குள்ளிருந்து ஸ்கூட்டரில் வருவார். நான்காம், ஐந்தாம் வகுப்பு அவருடையது. முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சமாளித்தவர் உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் தற்காலிக ஆசிரியை. ஊருக்கு அவர் சின்ன டீச்சர்.

அவர் வருவதற்கு முன் அந்த அறையில் அழுகைச் சத்தம்தான் அதிகம் என்பார்கள். குழுத் தலைவியின் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் தினமும் கேட்டைக் கட்டிக்கொண்டு அழுதவன். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்று அவர் புகார் சொல்வதுண்டு. அந்தப் புகாரில் இருந்த பெருமையை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

அந்தச் சின்ன டீச்சரின் நியமனம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை மாலைக்குள் வட்டார அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் நிரந்தர ஆசிரியர் வரும்வரை அந்த அறைக்கு ஆள் கிடையாது. அந்த 'வரும்வரை' எவ்வளவு நீளும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. இப்படி ஒரு தீர்மானத்தை நானே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட்டம் நடந்த இடம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். 'குறையை நிவர்த்தி செய்து மறு சமர்ப்பிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அது திரும்பி வர ஒரு பருவம் ஆயிற்று. அந்தப் பருவத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தை ஒரு ஓட்டையும் இல்லாமல் நடத்துவது என்று முடிவு செய்தேன். கப்பலூர் போகிறவர்களுக்கு வசதியாக ஞாயிறு காலை பதினொரு மணி. ஏழு முழு நாள் முன்னறிவிப்பு. அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு ஒவ்வொரு உறுப்பினரிடமும் கையெழுத்து. இருபது பேரில் பதினொருவர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். இருபது பேரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் பள்ளியில் இருந்தவர்கள்: நான், தலைமை ஆசிரியை, கேட்டைத் திறந்துவிட வந்த சத்துணவுச் சமையல்கார அக்கா, பணி அறிக்கையோடு பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த சின்ன டீச்சர். உறுப்பினர்களில் என்னையும் தலைமை ஆசிரியையையும் தவிர வந்தது ஒரே ஒருவர். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகப்பனார். டிராக்டர் வைத்திருப்பவர். மற்ற நாற்காலிகள் சும்மா கிடந்தன. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டது.

"என்னக்கா, ஒருத்தரையும் காணோம்?" என்றேன்.

"எல்லாரும் காதுகுத்துல இருக்காக சார்."

"என்ன காதுகுத்து?"

சமையல்கார அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, ஆனால் மிகக் கொஞ்சம். "நம்ம ரெண்டாப்பு ரெட்டப் பிள்ளைகளுக்குத்தான். உங்க வீட்டுக்கும் வெத்தல பாக்கோட பத்திரிக வச்சாகளே சார். இன்னைக்கு ஊருக்கே பெரிய முகூர்த்தம்ல?"

வைத்தார்கள். வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டேன். உறையைப் பிரிக்கவில்லை.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களே?"

"போடச் சொன்னீக, போட்டாக. அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொன்னீகளா?"

"உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னைய யாரு சார் கேட்டது?"

மீண்டும் ஏழு நாள் அறிவிப்புக் கொடுக்க நேரம் இல்லை. தலைமை ஆசிரியை முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மரத்தடியில் இருந்த பெண் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கையில் இருந்த அறிக்கையைச் சுருட்டிவிட்டார். அது என் கண்ணில் பட்டது. சுருட்டிய காகிதங்களை நிறையப் பார்த்தவன் நான், கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து.

"சார், ஆளுக இங்க வரலன்னா நோட்ட அங்க கொண்டுபோனா ஆகாதா?" என்றார் அக்கா.

கூட்டம் அறிவித்த இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. போதிய ஆள் இல்லாவிட்டால் அரை மணி காத்திருந்து, கூட்டத்தை ஒத்திவைக்கலாம். மறுபடி கூடும் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கதவில் ஒட்டினால் போதும். அன்றைக்கே கூடக்கூடாது என்று எங்கும் இல்லை. முப்பத்தேழு வருடம் மறுப்பதற்காகவே படித்த விதிகள். அனுமதிப்பதற்கும் அவற்றில் இடம் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சரியாகப் பதினொன்றரைக்கு எழுதி ஒட்டினேன். நேரம்: பிற்பகல் ஒரு மணி. இடம்: ஊர்த் திருமண மண்டபம்.

மண்டப வாசலில் இரட்டையரின் படம் போட்ட பிளக்ஸ் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே தாய்மாமன் மடியில், தொடைக்கு ஒன்றாகப் பட்டுப் பாவாடையில் இரண்டு பிள்ளைகளும் அலறிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் சின்ன டீச்சரைக் கண்டதும் ஒன்று அழுகையை நிறுத்திவிட்டு, "ஹோம் ஒர்க் நாளைக்குத்தான டீச்சர்?" என்றது. ஆசாரி அந்த நொடியில் வேலையை முடித்துவிட்டார்.

குழுத் தலைவி அந்தத் தாய்மாமனின் மனைவி. சீர்த்தட்டும் கையுமாக நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மீட்டிங்கு எம்புட்டு நேரம் சார்?"

"பத்து நிமிஷம்."

"அப்பப் பந்தியில வச்சுக்குவோம். இல்லன்னா ஒருத்தரப் பிடிச்சா ஒருத்தரு நழுவிருவாக. எல போட்டு உக்காந்தா எவனும் எந்திரிக்க மாட்டான்."

இதைவிடச் சிறந்த சபை நடைமுறையை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

உறுப்பினர்களை மட்டும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார். நான் எண்ணினேன். தலைவி, தலைமை ஆசிரியை, நான் எல்லோரையும் சேர்த்துப் பத்து. மற்றவர்கள் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு விசேஷங்களில் இருந்தார்கள், ஒருவர் மேலூரில் மாமனார் வீட்டில். மறுபடி எண்ணினேன். பத்துதான்.

பதினொன்றாவது ஆள் வாசலில் நின்றார். டிராக்டர்காரர். பள்ளிக்கு அவர் மட்டும் வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவரும் இரட்டையரின் தகப்பனும் பங்காளிகள். வரப்புத் தகராறில் பேச்சு நின்று நான்கு வருடம் ஆகிறது. அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எங்களோடு மண்டபம் வரை வந்தவர் பிளக்ஸுக்குக் கீழே நின்றுவிட்டார்.

"நோட்ட இங்க கொண்டாங்க சார், போட்டுத் தாரேன். இந்தப் படிய மிதிக்க மாட்டேன்."

வாசலில் போட்ட கையெழுத்து வருகை ஆகாது. அது எனக்குத் தெரியும். யாருக்குத் தெரியப்போகிறது என்று தலைமை ஆசிரியை மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டவில்லை. ஒரு கட்டத்துக்காக ஒரு பள்ளியையே காக்க வைத்தவன், இன்னொரு கட்டத்தில் பொய் எழுதி அதை நேர் செய்துவிட முடியாது. பின்னால் யாராவது கிளறினால் போவது என் பெயர் அல்ல, சின்ன டீச்சரின் வேலை.

என்ன நடக்கிறது என்று பார்க்க இரட்டையரின் தகப்பன் வெளியே வந்தார். கைநிறையச் சந்தனம். அவருக்கு விவரம் சொன்னது சமையல்கார அக்காதான், இரண்டே வாக்கியத்தில். அவர் சந்தனக் கையைத் துடைத்துக்கொண்டு டிராக்டர்காரர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே," என்றார், "சாப்பிடக் கூப்புடல. தீர்மானத்துக்குக் கூப்புடுறேன்."

"தீர்மானத்துக்கு மட்டுந்தான்."

"அதுக்கு மட்டுந்தாண்ணே."

"எம்மக அந்த டீச்சர்கிட்டப் படிக்கிறா. அதுக்காக வாரேன்."

"எம்பிள்ளைகளுந்தான படிக்குதுக."

பதினொன்றாவது இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். சோறு வருவதற்குள் முடிக்க வேண்டும், கையில் குழம்பு பட்டால் பதிவேட்டின் கதி அவ்வளவுதான். தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தேன். பாதியில் ஒரு குரல்: "சார், சின்ன டீச்சரு இருக்கணுமா வேணாமா? அதச் சொல்லுங்க, வாளி வந்துருச்சு." இருக்கணும் என்று வரிசை முழுக்கச் சொன்னது. பதிவேடு இலைக்கு இலை நகர்ந்தது. பின்னாலேயே உப்புக்காரர் வந்தார். கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு டிராக்டர்காரர் எழுந்திருக்கப் பார்த்தபோது இலையில் சோறு விழுந்துவிட்டது. விழுந்த சோற்றை விட்டு எழுகிறவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. "ரசம் மட்டும்" என்றார் யாரையும் பார்க்காமல். கறிக்குழம்பையும் ஊற்றினார்கள். அதையும் பிசைந்துகொண்டார்.

மறுநாள் நானே வட்டார அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் தாளைப் புரட்டி, ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். அந்தப் பேனா நிற்கும் விதம் எனக்கு அத்துபடி.

"இடம், திருமண மண்டபம்னு போட்டிருக்கே சார்?"

"ஒத்திவைப்புக் குறிப்பு அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. கதவில் ஒட்டியதன் புகைப்படம் இணைப்பில் இருக்கிறது."

"இதென்ன சார், மூலையில கறை?"

"பந்தியில் தெளித்த தண்ணீர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அவர் வயதில் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். அவருக்கு நன்றி சொன்னேன். அலுவலக மொழியில் சொல்கிற நன்றி அல்ல அது.

பங்காளிகள் இப்போதும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவருமே கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். செய்தித் தாளின் கீழ்ப் பாதியை எழுதுமுன் சமையற்கூடத்துக்குப் போய் முதலில் தேதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். "அன்னைக்கு வேணாம் சார், வளைகாப்பு. மறுநா வச்சுக்கங்க" என்று அடுப்பைப் பார்த்தபடியே அக்கா சொல்வார். சில நாள் ஒரு தம்ளர் சுண்டல் வேகவைத்த தண்ணீரும் கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகு என்னை வேலைக்கு வைத்துக்கொண்ட இடம் அது. வைத்துக்கொண்டதோடு, வேலையையும் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த மாதத் தாளில் கண் பரிசோதனை முகாமை எழுதினேன், விளையாட்டு விழாவை எழுதினேன், இரட்டையருக்குக் காது குத்தியதையும் ஒரு வரி எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே, வரிசை எண் எதுவும் போடாமல், முதல் செய்தியாக இதை எழுதினேன்: "ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் அடுத்த மாதமும் வழக்கம்போல் நடக்கும்."

மறுநாள் காலை, ஜப்தியா என்று கேட்ட அதே தாய் கதவின் முன் நின்றார். படித்துவிட்டு, "இதுல என்னக்கா சேதி இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை உள்ளே அனுப்பினார்.