சிவக்காத மருந்து

நேற்று வீட்டில் ஆள் இல்லை. மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளி, வறுத்து, நானே துவையல் அரைத்தேன். வாயில் வைப்பதற்குள் கை தீயாய் எரிந்தது. போதாததற்கு அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினேன். பள்ளிக்கூடம் மிதிக்காதவன் புத்தி இவ்வளவுதான் என்று சிரிக்காதீர்கள், படித்தவனும் அங்கேதான் கையைக் கொண்டுபோவான்.

கோவில்பட்டியில் ஆயுர்வேத மருந்துக் கடைக்கு ஓடினேன். கொடுத்த களிம்பில் சந்தன வாசனை. என் மூக்கில் ஏறியதோ மருதாணி அரைத்த பச்சை வாடை. அக்கா நினைப்பு.

அந்தக் காலத்தில் விளாத்திகுளத்தில் ஒரு வத்தல் கமிஷன் கடை. நான் மூட்டை தூக்கினேன், அக்கா காம்பு கிள்ளினாள். அத்தான் செத்து வருஷம் திரும்பவில்லை. கைக்குழந்தைக்காரி. வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தொட்டால் அது அலறும். எத்தனை கழுவினாலும் அவள் கைக்காரம் போகாது, எரிச்சலும் அடங்காது. நான்தான் தூக்கிக்கொண்டு திரிவேன். என்னிடம் பால் கிடையாது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாலே இன்னும் பலமாக அழும்.

கயத்தாறு பக்கம் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிப் போனேன். வேலைக்கு முன்னால் விளக்கெண்ணெய் தடவு, முடிந்ததும் மோரில் கையை முக்கு, படுக்கும்போது மருதாணி அரைத்து அப்பு, சூட்டை இழுத்துவிடும் என்றார். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சிவந்துருமே. சிவக்காத மருந்து ஒண்ணும் இல்லியாய்யா?"

வைத்தியர் அவள் வெறுங்கழுத்தை அப்போதுதான் கவனித்தார். "எரிச்சலுக்கு அதுதாம்மா கேக்கும்" என்றார், மெதுவாக.

தாலி அறுத்தவள் கை சிவக்கக் கூடாது என்றிருந்த காலம். நான்தான் பிடிவாதமாக அரைத்து அப்பிவிட்டேன். விடிந்ததும் பிள்ளையை அள்ளி மடியில் போட்டாள். அது அழாமல் குடித்தது.

கடையில் ஒருத்தி பார்த்துவிட்டாள். "ஏட்டி, கை என்ன இப்படிச் சிவந்து கெடக்கு? புது மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அக்கா இரண்டு கையையும் வத்தல் குவியலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் நானும் முழங்கை வரை மருதாணி அப்பிக்கொண்டு போய், கேட்டவள் முன்னால் நீட்டினேன். "மயினி, என் கையும் சிவந்திருக்கு. பொண்ணுக்கு எந்த ஊருன்னு கேக்க மாட்டீகளா?"

"ஒனக்கு எவம்லே பொண்ணு குடுப்பான்?" என்றார் முதலாளி அண்ணாச்சி. கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த மருதாணியைக் கொட்டினாள்.

"நீ ஆம்பளலே. ஒன் கை சிவந்தா சிரிப்பாவ. என் கை சிவந்தா பேசுவாவ."

பிள்ளை புட்டிப்பாலுக்குப் பழகியது. அவள் எரிச்சலோடு கிள்ளிக்கொண்டே இருந்தாள், வருஷக்கணக்காக.

அந்தக் கடை இப்போது இல்லை. கேட்டவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். யார் கை சிவந்தாலும் இன்று ஒருவரும் ஊர் கேட்பதில்லை. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொதிக்கும் குழம்புச் சட்டியைத் துணி பிடிக்காமல், வெறுங்கையால், சாவகாசமாக இறக்கி வைத்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"எரியலியா அக்கா?"

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எரிஞ்சாத் தேவலயே தம்பி."