சுவரொட்டியில் அழுத குழந்தை

எண்பதுகளில் ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில், காப்பி பறிக்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் ஒரு பகல்நேரக் காப்பகம் நடத்தினோம். ஏற்காடு மலர்க்காட்சியில் நிதி திரட்ட ஸ்டால் போட்டபோது, எங்கள் காப்பகத்தில் அழுத குழந்தை ஒன்றின் படத்தை, 'ஆதரவற்ற குழந்தைக்கு உதவுங்கள்' என்று எழுதி மாட்டினேன். சற்று நேரத்தில் அதன் தாய் செல்வியே வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், ஊட்ல நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எம்புள்ள ஆதரவத்ததுங்களா?"

உடனே படத்தைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். கோபம் தணிந்த செல்வி கூட்டத்தைப் பார்த்து, "நாங்க வேலைக்குப் போனா, புள்ளைங்க இவங்ககிட்டத்தானுங்க நொம்ப சந்தோசமா ஆடிட்டிருக்கும். வந்து பாருங்க!" என்றாள்.

மறுநாளே ஒரு வேன் நிறைய ஆட்கள் காப்பகத்துக்கு வந்தார்கள். அவர்களில், மாதாமாதம் வந்து பிள்ளைகளைப் பார்ப்பதாகச் சொன்ன ஒரு டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை, படத்தில் அழுத அதே குழந்தை, செல்வியின் மகள், பிடுங்கிக்கொண்டு ஓட, எல்லோரும் சிரித்தோம்.

இப்போது தாயைக் கேட்காமல் எந்தப் பிள்ளையின் படத்தையும் நான் மாட்டுவதில்லை. ஸ்டாலில் பேசுவதும் தாய்மார்கள்தான்.