நனைந்த துண்டு

அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் மலை ஏறத் தொடங்கியதுமே பக்கத்து சீட்டுக்காரர் பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து மடிமேல் விரித்தார். ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. துண்டின்மேல் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டார். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே என் டப்பா காலடியில் உருண்டது. அவருடையது அசையவில்லை.

"ஈரத்துல வெச்சா நழுவாது கண்ணு. கப்பல்ல கத்துக்கிட்டது."

உல்லாசக் கப்பலில் பதினாறு வருஷம் பரிமாறியவராம். நான் விடுவேனா? வளைவுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"மூணு மொதலாளிகளப் பாத்துட்டேன். வர்றவங்க கப்பல் பேர மாத்துவாங்க, எங்க சட்டைய மாத்துவாங்க. அலையடிச்சா மேசைத்துணிய நனைக்கோணும்ங்கறத மட்டும் எவரும் மாத்தலை."

"இப்ப லீவுங்களா?"

"மறுக்கா வித்துட்டாங்க கண்ணு. புது மொதலாளி கூப்புடுவாருன்னு ஆறு மாசமா ஊட்டுல ஒக்காந்திருந்தேன். கூப்புடலை. மலைமேல செம்மேட்டுல ஒரு லாட்ஜுல சர்வர் வேலைக்குப் போறேன்."

"அங்க மேசை ஆடாதுங்களே!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் அந்த லாட்ஜுக்குச் சாப்பிடப் போனேன். உட்கார்ந்ததும் மேசைத்துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கப்பல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டதா, ஆடாத மேசைக்கு அவரே பழகிவிட்டாரா? சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வேறு யாராவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.