அக்கா விழுங்கும் நாள்

வலது கைக் கட்டைவிரல் ஒவ்வொரு விரல்நுனியாகத் தொட்டுப் போகும்: திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளிக்குக் கட்டைவிரல் மட்டும் தனியே நிமிரும். பிறகு கை மூடிக்கொள்ளும். அது சனி, ஞாயிறு. திறந்தால் அடுத்த வாரம். மேல்முறையீட்டு அலுவலகத்தின் கவுண்டரில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் எழுத்தர் இப்படித்தான் கெடு எண்ணுவார். இடத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வாங்கியவர்களுக்கு மேல்முறையீடு செய்யப் பத்து வேலை நாள் அவகாசம்.

எண்ணி முடித்ததும் கடைசி நாளைச் சொல்ல மாட்டார். அதற்கு முந்தின வேலை நாளைச் சொல்வார். பஸ் தவறியது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று மறுநாள் மூச்சிரைக்க ஓடிவருபவர்களும் தப்பித்துக்கொள்வார்கள், ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டு. "இன்னிக்கு எத்தனை நாளை முழுங்கினீங்க, செரிச்சுதா?" என்று பியூன் கிண்டலடிப்பார்.

தையல்காரரான அவர் தம்பிக்கே ஒருநாள் கடையைக் காலி செய்ய உத்தரவு வந்தது. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஊரில் இல்லை. அக்கா இரண்டு முறை எண்ணினார்.

"புதன்கிழமை, அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்துடு."

தம்பி போனதும் அடுத்த மேஜையிலிருந்த என்னிடம் திரும்பினார். "நிஜக் கடைசி நாளையே சொல்லிட்டேன். சாட்சி வரணுமே. கூடப் பிறந்தவன்கிட்டயும் என்ன கண்ணாமூச்சி."

புதனன்று அவர் சாப்பிடக்கூட எழவில்லை. நாலு மணிக்குப் போன் செய்தார். சாட்சியைக் கூட்டிவரப் போனவர் போனை வீட்டிலேயே விட்டுவிட்டார் என்றாள் தம்பி மனைவி. ஐந்து மணிக்கு முத்திரைப் பெட்டியைப் பூட்டினார்கள்.

வியாழன் காலை தம்பி வந்தார், கையெழுத்தான காகிதத்தோடு, சிரித்த முகமாக. அதிகாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"புதன்னுதானே சொன்னேன்?" அக்காவின் குரல் உடைந்தது.

தம்பி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மறந்துட்டேன்க்கா."

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பொறுப்பில்லாதவன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அக்கா பொருமுவார். கவுண்டரில் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு நாளை விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

பல மாதம் கழித்து, பேன்ட்டின் நீளம் குறைக்க அந்தத் தம்பியிடம் போனேன். கடை போனபின், யாரோ ஒருவருடைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருந்தார். அக்காவின் உடம்பை விசாரித்தார். பிறகு, என் காலடியில் குனிந்தபடியே சொன்னார்:

"அக்காவே வீட்டுல சொல்லிச் சிரிக்கும், ஒரு நாள் குறைச்சுத்தான் சொல்வேன்னு. எனக்கும் அப்படித்தான் சொல்லுதுன்னு நினைச்சு வியாழன் வந்தேன்."

அதை அக்காவிடம் சொல்லக் கூடாதா என்றேன். அவர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார்.

"சொன்னா, அப்புறம் அக்கா யாருக்கும் அந்த ஒரு நாளைக் குடுக்காது."