மார்பளவுத் தண்ணீரும் மச்சானின் மாடி ரூமும்

போன வாரம் திண்டிவனத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அதிகாரியம்மா முன்னால், மச்சான் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து காட்டினார். ஐம்பத்தைந்து வயது மனிதர்... எதற்கு? ஒரு மாடி ரூமுக்காக!

மகனுக்குத் தையில் கல்யாணம். 'தனி ரூம் இல்லாம பொண்ண எப்படி அனுப்பறது?' என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்கள். மச்சான் பிளான் போட்டு அனுமதி கேட்டார். 'வெள்ள வரைபடத்தில் உங்கள் தெரு சிவப்பு. மேலே கட்டக் கூடாது' என்று பதில் வந்தது.

தெருவைச் சிவப்பாக்கியது யார்? சாட்சாத் அந்தத் தெருதான்!

பெண்ணையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். வந்தது முழங்கால் வரை. முதல் வீட்டுக்காரர் இடுப்பைக் காட்டினார். அடுத்தவர் சும்மா இருப்பாரா? தெரு முடிவதற்குள் தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிட்டது. மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய் போட்டோவே கொடுத்தார் — மார்பளவுத் தண்ணீரில், பரிதாப முகத்தோடு. அந்தக் கணக்கை வைத்துத்தான் வரைபடம் போட்டார்கள்.

இப்போது மச்சானின் மனுவுக்காக மறு அளவு எடுக்க வந்த அதிகாரியம்மா, அதே போட்டோவை டேப்லெட்டில் நீட்டினார்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க மேடம்... ஆனா அப்ப குந்திக்கினு இருந்தேங்க."

"வெள்ளத்துல எதுக்குக் குந்தினீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அந்த நடுத்தெரு டெமோ.

"உக்காந்து காட்டினா போதுமா? ஆதாரம் வேணும்" என்றார் அதிகாரியம்மா.

மச்சானின் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. டேப்லெட்டை வாங்கி, போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பக்கத்து வீட்டுப் பசு! முழங்கால்கூடச் சரியாக நனையாமல், நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. மச்சானிடம் காட்டினேன்.

"மேடம், மாடு நின்னுக்கினுதானே கீது!" மச்சான் துள்ளி எழுந்தார்.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். அந்தப் பசுவையே கொண்டுவந்து நிறுத்தி, காலை அளந்து, வரைபடத்தைத் திருத்த எழுதிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் சிரிப்பில்லாமல் கேட்டார்: "நாளைக்கு நெஜமாவே கழுத்தளவு வந்து, போட் அனுப்புங்கன்னு நீங்க கத்தினா... நாங்க யாரை நம்பறது?"

எனக்குச் சுருக்கென்றது.

மச்சான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மாட்டோட போட்டோ அனுப்பறோங்க மேடம்."